செஞ்சியில் ஒரு பகல்

பழைய அரபுக் கவிஞர்க்கு ஒரு வழக்கம் உண்டு. எதைப் பாட வந்தாலும், காதலியின் கூட்டத்தார் கூடாரம் பெயர்த்துச் சென்ற வெற்றிடத்தில் முதலில் நின்று, கண்ணீர் வடித்த பின்னரே மேலே செல்வர். அவ்வெச்சங்களுக்கு ‘அத்லால்’ என்று பெயர். இம்ரவுல் கைஸின் முஅல்லகா இவ்வாறே தொடங்குகின்றது. கூடாரச் சுவட்டுக்கே இத்துணை அழுகையா என்று பாடவேளையில் மாணவர் நகைப்பதுண்டு. அவர்களுள் மூத்தோர் சிலரை அழைத்துக்கொண்டு செஞ்சிக் கோட்டைக்குச் சென்றோம்.

ராஜகிரி ஏறத்தாழ எண்ணூறடி உயரம். படிகள் முழங்காலைச் சோதிக்கின்றன. உச்சியை அணுகுமிடத்தில் பாறை பிளந்து ஆழ்ந்த கெவியாகக் கிடக்கிறது. அதன் மீது ஒரு பாலம். பாலத்தை நீக்கிவிட்டால் மேலிருப்போரை நெருங்க வழியில்லை. ஔரங்கசீபின் தளபதி ஜுல்பிகார் கான் 1690 முதல் 1698 வரை இக்கோட்டைக்காகப் போராட நேர்ந்தது ஏன் என்பது அங்கே நின்றால் விளங்கும். கோட்டை பிடிபடுமுன் ராஜாராம் தப்பிவிட்டார்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ இதனை மராட்டியர் அரண்கள் பன்னிரண்டனுள் ஒன்றாக உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. மகிழ்ச்சியே. ஆயின் நாயக்கர், பிஜப்பூர் சுல்தான், 1677இல் சிவாஜி, பின் மொகலாயர், 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர் என்று கைமாறிய கோட்டை எவருக்கும் முழுதாக உரியதாகத் தோன்றவில்லை. வேங்கடரமணர் கோயிலின் தூண்கள் சிலவற்றைப் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரிக்குக் கொண்டுபோய்விட்டனர். இன்றும் அவை கடற்கரையில் நிற்கின்றன.

கீழ்க்கோட்டையில் சஆதத்துல்லாகான் பள்ளிவாசலைக் கண்டதும் பிள்ளைகளின் முகம் மலர்ந்தது. தேசிங்கை வென்றதன் நினைவாக ஆர்க்காட்டு நவாப் 1717-18இல் எழுப்பிய பள்ளி அது என்று கூறினோம். ஒருவன் தயங்கிக் கேட்டான்:

“ஹஜ்ரத், அப்படியானால் மோவுத்துக்காரன் எந்தப் பக்கம்?”

நல்ல வினா. 1714இல் மூண்ட அப்போர் மார்க்கப் போர் அன்று. தேசிங்கின் தந்தை சொரூபசிங் மொகலாயரின் கோட்டைத் தலைவர். நவாபும் மொகலாயரின் அலுவலரே. செலுத்தப்படாத பணத்தின் பொருட்டு எழுந்த பூசல் அது. இளைஞன் தேசிங்கு களத்தில் மாண்டான். அவன் மனைவி உடன்கட்டை ஏறினாள். தேசிங்குராஜன் கதைப்பாடலோ, அவனுடைய உயிர்த்தோழன் ஒரு முஸ்லிம் என்றும், மணப்பந்தலினின்று எழுந்து போர்க்களம் புகுந்து மடிந்தான் என்றும் பாடுகின்றது. நவாபின் வெற்றி கல்லில் நிற்கிறது. தோழனின் தோல்வியைத் தமிழ்மக்கள் உடுக்கையடித்துப் பாடி வைத்திருக்கின்றனர்.

“இருவரும் கலிமாச் சொன்னவர்கள், தம்பி. இருவருக்கும் துஆச் செய்வோம். ஆனால் பிள்ளைகளுக்குக் கதை சொல்வதானால், நாம் மோவுத்துக்காரன் கதையைத்தான் சொல்வோம்” என்றோம்.

“வென்றவர் பள்ளியல்லவா கட்டினார்?” என்றான் மற்றொருவன். கட்டினார், அதன் நற்கூலி அவருக்கும் அவர் இறைவனுக்கும் இடையிலானது. நண்பனுக்குத் துணைநின்றவனை நம்மவன் அல்லன் என்று சொல்ல எந்தக் கிதாபும் நம்மை ஏவவில்லை. சுற்றுலா வந்தோர் சிலர் அருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தனர். அவர்கள் பொருட்டு நாம் குரலைத் தாழ்த்தவில்லை.

முன்னோர் முடிவைப் பூமியில் சென்று பாருங்கள் என்று திருமறை பல இடங்களில் ஏவுகின்றது. அவ்வாறு பெறும் படிப்பினை ‘இப்ரத்’. அதே வேர்ச்சொல்லிலிருந்து பிறந்த ‘அப்ரத்’ என்பது கண்ணீர். நிழலில் அமர்ந்து இதனை விளக்கியபோது ஒருவரும் நகைக்கவில்லை.

மோவுத்துக்காரன் அடக்கவிடமென்றும், தேசிங்கின் குதிரை புதைந்த இடமென்றும் மக்கள் காட்டுமிடங்கள் செஞ்சிக்கு அருகில் உள்ளன. லுஹர் தொழுதபின், வண்டியை அப்பக்கம் திருப்பச் சொன்னோம்.

“குதிரைக்கும் ஃபாத்திஹா ஓதலாமா, ஹஜ்ரத்?” என்றான் இளையவன்.

“ஓதுவதில்லை. அதற்குத் தண்ணீர் காட்டினார்களா என்று மட்டும் கேட்டுப் பார்” என்றோம்.