வண்டி குறைந்த மலைப்பாதை தேடி...

சேலத்து மக்களுக்கு மலை என்பது தலை நிமிர்ந்தால் கண்ணில் படுகின்ற பொருள். வடக்கே சேர்வராயன் மலைத்தொடரும் நகரமலையும், தெற்கே ஜருகுமலையும், மேற்கே கஞ்சமலையும், கிழக்கே கோதுமலையும் நகரை வளைத்து நிற்கின்றன. இத்தனை மலைகளுக்கு நடுவே நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்திருந்தும், ‘இவற்றுள் எந்த மலைப்பாதையில் வண்டி நடமாட்டம் குறைவு?’ என்னும் கேள்வி என் உள்ளத்தில் எழுந்ததே இல்லை. அதனை எழுப்பியவன் என் தங்கை மகன்.

கல்லூரியில் முதலாண்டு பயிலும் அவனுக்கு மிதிவண்டிப் பந்தயத்தில் ஆர்வம். சமவெளியில் அவனுடைய வேகம் போதுமானதென்றும், ஏற்றத்தில்தான் பின்தங்குகிறான் என்றும், கால்களும் மூச்சும் உரம் பெற வேண்டுமாயின் மலையேறிப் பழக வேண்டுமென்றும் பயிற்சியாளர் ஒருவர் கூறிவிட்டார். பையன் தன் தாயிடம் அனுமதி கேட்டான். அவளோ மிதிவண்டி என்ற சொல்லைக் கேட்டதுமே முகம் வெளுத்துப் போனாள்.

அதற்குக் காரணம் உண்டு. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையொன்றில் வேலை பார்த்து வந்த அவனுடைய அத்தா, 2016-ஆம் ஆண்டு ஓர் இரவில் மிதிவண்டியில் வீடு திரும்பும்போது சரக்கு வாகனம் மோதி மவுத்தானார். அன்றிலிருந்து அந்த வீட்டில் மிதிவண்டி இல்லை. மகன் ஓட்டுவது கூட நண்பன் கொடுத்த பழைய கியர் சைக்கிள். அதுவும் என் வீட்டுத் திண்ணையில்தான் நின்றது.

இரண்டு வாரம் அழுகையும் மௌனமுமாகக் கழிந்த பின்னர் தங்கை என்னை அழைத்தாள். “அண்ணே! வண்டி வராத ரோடு ஒன்றைக் காட்டுங்கள். அங்கே ஓட்டட்டும். நீங்களும் கூடவே போக வேண்டும்” என்றாள். மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பவனுக்கு மலைப்பாதை ஆராய்ச்சி வாய்த்தது இவ்வாறுதான்.

இதில் எனக்குக் கூச்சம் ஏதும் இல்லை. நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்திய செய்தியை நான் ஆண்டுதோறும் மாணவர்களுக்குச் சொல்லி வருகிறேன். பயிற்சியால் மெலிய வைக்கப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து தனிய்யத்துல் வதா வரை நீண்ட தூரம். பயிற்சி பெறாத குதிரைகளுக்குத் தனிய்யத்துல் வதாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளி வரை குறுகிய தூரம். இளைஞரான இப்னு உமர் (ரலி) அவர்களும் அதில் கலந்து கொண்டார்கள். குதிரைக்குத் தீனி கொடுத்துத் தேற்றி, பிறகு தீனியைக் குறைத்து, துணி போர்த்தி வியர்க்கச் செய்து உடலை இறுக்கும் அந்தப் பயிற்சிக்குத் ‘தள்மீர்’ என்று பெயர். தனிய்யா என்னும் சொல்லுக்கே மலைவழி என்பதுதான் பொருள். பலமுறை பாடம் நடத்தியும், பந்தயத்தின் எல்லை ஒரு மலைவழியாக இருந்ததை நான் எண்ணிப் பார்த்தது இப்போதுதான்.

முதலில் நகருக்குள்ளேயே தேடினோம். நகரமலையும் கஞ்சமலையும் கால்நடையாக ஏறுவோர்க்கு உகந்தவை. ஜருகுமலையின் மேல் ஊர்கள் உண்டு. அங்கு நாங்கள் இன்னும் செல்லவில்லை. எஞ்சியது 2020-ஆம் ஆண்டு ஜூன் மாதம் திறக்கப்பட்ட ஐந்து ரோடு ஈரடுக்கு மேம்பாலம்! சுபுஹு தொழுகை முடிந்த கையோடு, விடிவதற்குள் அதன் மீது பத்து முறை ஏறி இறங்கினான். மலையில்லாத ஊர்க்காரர்கள் இப்படித்தான் பழகுகிறார்களாம். ஆனால் பாலத்தின் ஏற்றம் ஒருசில நிமிடங்களில் முடிந்து விடுகிறது. மூச்சு வாங்கத் தொடங்கும் நேரத்தில் இறக்கம் வந்து விடுகிறது. விடிந்த பிறகோ பேருந்துகளின் நெரிசல். தங்கை கேட்ட ‘வண்டி வராத ரோடு’ என்பதற்கு நேர் எதிரான இடம் அது.

எனவே ஏற்காட்டை நாடினோம். அடிவாரத்திலிருந்து ஏரி வரை ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவுகள். அந்தத் தூரத்திற்குள் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயர வேண்டும். அதாவது நூறு அடி முன்னே சென்றால் ஐந்து அடி மேலே செல்கிறோம். காரில் போகிறவருக்கு இந்த ஐந்து அடி ஒரு பொருட்டன்று. மிதிவண்டியில் ஒன்றரை மணி நேரம் இடைவிடாமல் அதனைத் தாங்கி மிதிப்பவனுக்கே அதன் கனம் தெரியும். பந்தய வீரனுக்கு வேண்டியதும் இதுதான். செங்குத்தான குட்டையான மேட்டை விட, விடாமல் நீளுகின்ற மிதமான ஏற்றமே உடலை உறுதியாக்கும் என்பது பயிற்சியாளரின் கருத்து.

நாங்கள் முதன்முதலில் சென்றது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அது என் அறியாமை. பாதி நாட்டுச் சுற்றுலாக் கார்களும் அன்று எங்களோடு மலையேறின. மருமகன் முன்னே செல்ல, நான் என் பழைய மொபெட்டில் பின்னே சென்றேன். பதினோராவது வளைவுக்கு அருகே மொபெட் சூடேறி நின்று விட்டது. ‘மாமா வரட்டும்’ என்று அவன் மேலே நின்று சிரித்த சிரிப்பு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஆனால் அந்தச் சிரிப்பு நீடிக்கவில்லை. கொண்டை ஊசி வளைவில் ஒரு நுட்பம் உண்டு. வளைவின் உட்புற விளிம்புதான் மிகவும் செங்குத்தாக இருக்கும். வெளிப்புறம் சற்றே தணிந்திருக்கும். நம் நாட்டில் இடப்புறமாகச் செல்வதால், வலப்பக்கம் திரும்பும் வளைவுகளில் நமக்கு வெளிப்புறம் கிடைக்கிறது. இடப்பக்கம் திரும்பும் வளைவுகளிலோ செங்குத்தான உட்புறமே நம் பங்கு. களைத்தவனுடைய கால் அங்கே தானாகவே வலப்புறம் ஒதுங்கச் சொல்லும். அடுத்த இடப்புற வளைவில் அவன் அப்படித்தான் ஒதுங்கினான். மேலிருந்து ஒரு வேன் இறங்கி வந்தது. மலைச் சாலையில் ஏறி வரும் வண்டிக்கே இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. ஆனால் தவறான பக்கத்தில் ஏறி வருகிறவனை எந்த விதி காப்பாற்றும்? ஓட்டுநர் சட்டென்று நிறுத்தினார். மருமகனுக்கும் வேனுக்கும் இடையே என் கை நீளம்தான் இருந்தது. அல்ஹம்துலில்லாஹ்!

அன்று வீட்டில் இதைச் சொல்ல வேண்டாமென்று இருவருமே முடிவு செய்தோம். அந்த முடிவு என் நெஞ்சில் முள்ளாகவே இருந்தது.

ஏற்காட்டிற்கு மற்றொரு வழி உண்டு என்பதை வெளியூர் அன்பர்கள் பலர் அறியார். சேலத்திற்குக் கிழக்கே, அயோத்தியாப்பட்டணம் பக்கத்தில் குப்பனூரிலிருந்து கொட்டச்சேடு வழியாக ஏறும் பாதை அது. கோடை விழா நாட்களில் ஏறும் வண்டிகளையும் இறங்கும் வண்டிகளையும் இரு பாதைகளில் பிரித்து விடும்போதுதான் பலருக்கும் அது நினைவுக்கு வரும். மற்ற நாட்களில் அங்கே நிலவும் அமைதி அரியது. ஒரு வேலை நாளில் மதரஸாவுக்கு விடுப்பு சொல்லிவிட்டு அங்கே சென்றோம். ஒரு மணி நேரத்தில் எங்களைக் கடந்தவை நான்கே இரு சக்கர வண்டிகள். காட்டுப் பறவைகளின் ஒலியும், மருமகனின் மூச்சொலியும், சங்கிலி பல்சக்கரத்தில் ஏறுகின்ற ஓசையும் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. தங்கை கேட்ட பாதை இதுவே என்று மகிழ்ந்தேன்.

இறங்கும்போது என் மகிழ்ச்சி குறைந்தது. அங்கே பாதை குறுகல், ஏற்றமும் கடுமை. ஏறும்போது உதவிய அந்தக் கடுமை இறங்கும்போது பகையாகிறது. பிரேக்கை இடைவிடாது அழுத்தினால் சக்கர விளிம்பு கொதிக்கும். கொதிப்பு மிகுந்தால் டியூப் வெடிக்கவும் கூடும். மழையால் மண்ணும் சரளையும் அரித்து வந்து சாலையில் கிடந்தன. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது இம்மலைப் பாதைகளில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதை நாம் மறக்க முடியாது. ஒரு வளைவில் சரளையில் சறுக்கி மருமகன் விழுந்தான். முழங்கை சிராய்ந்ததோடு சரி. ஆனால் காயத்தைக் கழுவத் தண்ணீர் தேடியபோதுதான் பார்த்தேன்: என் செல்பேசியில் தொடர்பு இல்லை, கண்ணுக்கெட்டிய வரை ஒரு வீடும் இல்லை.

சிராய்ப்பை மறைக்க முடியாது. அன்று மாலை தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேன் வந்ததையும் சேர்த்தே சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “குப்பனூர் வேண்டாம் அண்ணே” என்றாள்.

“அங்கேதான் வண்டி குறைவு” என்றேன்.

“அவர் விழுந்து கிடந்தபோதும் அந்த ரோட்டில் வண்டி குறைவுதான். முக்கால் மணி நேரம் யாரும் வரவில்லை. விழுந்தால் தூக்குவதற்கு ஆள் வருகிற ரோடாகப் பாருங்கள்.”

எட்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அந்த முக்கால் மணி நேரத்தைப் பற்றி அவள் என்னிடம் ஒருமுறை கூடப் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை.

அதன் பிறகு நாங்கள் வேறு பாதையைத் தேடவில்லை, நேரத்தைத் தேடினோம். ஏற்காட்டுப் பெரிய பாதையில் சனி, ஞாயிறு இரு நாட்களும் ஆகா. திங்களன்று காலையிலும் விடுமுறை கழித்து இறங்குவோர் கூட்டம் உண்டு. வெள்ளியோ மதரஸாவிற்கு விடுமுறை நாள். சுற்றுலாக் கூட்டம் கிளம்புவதும் அன்று மாலையில்தான். சுபுஹுக்குப் பின் கிளம்பி, வெளிச்சம் வந்ததும் அடிவாரத்தில் மிதிக்கத் தொடங்கினால், கார்கள் பெருகுவதற்குள் ஏரியைத் தொட்டுத் திரும்பலாம். பேருந்தும், பால் வண்டியும், வேலைக்குச் செல்லும் தோட்டத் தொழிலாளரும் அவ்வப்போது வருவார்கள். தூக்குவதற்கு ஆள் உண்டு.

கடந்த ஐந்து வெள்ளிகளாக அவ்வாறே செய்து வருகிறோம். இடப்புற வளைவுகளில் பின்னால் பெரிய பல்சக்கரத்துக்குச் சங்கிலியை முன்கூட்டியே மாற்றிக்கொண்டு, உள்விளிம்பை விடாமல் மெதுவாக ஏறுகிறான். மூச்சு போதாவிட்டால் இறங்கித் தள்ளுகிறான். அதில் அவமானம் இல்லை என்று ஒப்புக்கொள்ள அவனுக்கு மூன்று வாரம் ஆயிற்று. மேட்டில் ஏறும்போது தக்பீரும் பள்ளத்தில் இறங்கும்போது தஸ்பீஹும் கூறுவது ஸஹாபாக்களின் வழக்கமாக இருந்ததை ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். ஏற்றத்தில் அவனால் வாய்விட்டுச் சொல்ல முடிவதில்லை. மொபெட்டின் மேலிருந்து நான் சொல்லுகிறேன். இறக்கத்தில் இருவரும் சொல்லுகிறோம். நான்கு வளைவுகளுக்கு ஒருமுறை நின்று சக்கர விளிம்பைத் தொட்டுப் பார்க்கிறோம். கை பொறுக்காத சூடென்றால் அது ஆறும் வரை குரங்குகளை வேடிக்கை பார்த்துக் கொண்டு நிற்போம்.

சென்ற வெள்ளியன்று அவன் ஒரு மணி முப்பத்தொரு நிமிடத்தில் ஏரியை அடைந்தான். அடிவாரம் வந்ததும் தங்கைக்குச் செல்பேசியில் செய்தி சொன்னோம். நிமிடக் கணக்கை அவள் கேட்கவில்லை. “எத்தனை வண்டி வந்தது?” என்றுதான் கேட்டாள். ஏறும்போது இரண்டு பேருந்து, ஒரு பால் வண்டி, ஏழெட்டு ஸ்கூட்டர் என்றேன். கணக்கு அவளுக்குச் சரியாகப் பட்டிருக்க வேண்டும். மருமகன் குளித்துவிட்டுக் கல்லூரிக்கு ஓடினான்; நான் ஜும்ஆவுக்கு ஆயத்தமானேன்.

பின்சக்கரத்துப் பிரேக் கட்டைகள் தேய்ந்து விட்டன. இன்ஷா அல்லாஹ் வரும் வெள்ளிக்குள் மாற்றியாக வேண்டும். அதற்கான பணத்தை நேற்று தங்கையே கொடுத்தனுப்பியிருக்கிறாள்.