பிறவிச் சுன்னத்

ஆண் குழந்தை நுனித்தோல் குறைவுடன் பிறந்துவிட்டால், "இறைவனே சுன்னத் செய்து அனுப்பிவிட்டான்" என்று முதியவர்கள் பூரித்துப் போவது நம் குடும்பங்களில் நெடுநாளைய வழக்கம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவ்விதமே பிறந்தார்கள் எனச் சில அறிவிப்புகள் இருப்பதால், அதனைப் பெரும் பாக்கியமாகக் கருதுவோரும் உண்டு. அவ்வறிவிப்புகளின் வலிமை குறித்து ஆலிம்களிடையே கருத்து வேற்றுமை இருந்து வருகிறது. பிறர் மகிழ்ச்சியைக் குலைப்பது என் நோக்கமன்று. ஆயினும், அந்தக் குழந்தை எவ்விடத்திலிருந்து சிறுநீர் கழிக்கிறது என்பதை முதலில் பார்த்தாக வேண்டும்.

கருவில் 8ஆம் வாரத்திற்குப் பின், ஆண்குறியின் அடிப்புறத்து மடிப்புகள் இருபுறமிருந்தும் கூடிச் சிறுநீர்க் குழாயாக மூடிக்கொள்கின்றன. அக்கூடல் இடைவழியில் நின்றுபோனால், துளை நுனிக்கு வராமல் கீழ்ப்புறத்திலேயே தங்கிவிடுகிறது. நுனித்தோலும் அடியில் குறைந்து, மேற்புறத்தில் மட்டும் முக்காடுபோல் தொங்குகிறது. நம் பெரியவர்கள் கண்டு மகிழ்வது பல வேளைகளில் இதனைத்தான். மருத்துவர்கள் இதை ஹைப்போஸ்பேடியாஸ் என்பர். ஏறத்தாழ 300 ஆண் குழந்தைகளில் ஒன்றுக்கு இருப்பதாகக் கணக்கு. பெரும்பாலும் காரணம் புலப்படுவதில்லை. ஆகவே பெற்றவளைக் குறைகூற இடமில்லை.

காஞ்சிபுரத்தில் என் தங்கையின் பேரனுக்கு இக்குறை இருந்தது. அவன் தகப்பனார் பட்டுக்கடையொன்றில் கணக்கர். குளிப்பாட்டும்போது சிறுநீர் நேரே பாயாமல் காலை நோக்கி இறங்குவதைத் தாய்தான் கவனித்தாள். அவளுடைய மாமியாரோ, "மேலே மிஞ்சிய தோலைக் கொஞ்சம் நறுக்கிவிட்டால் முறை நிறைவேறிவிடுமே, அம்மா" என்றார். "ஹஜ்ரத்தைக் கேட்டுவிட்டுச் செய்வோம், மாமி" என்றாள் அவள். ஷாஃபி மத்ஹபில் கத்னா வாஜிப். ஹனஃபி மத்ஹபில் சுன்னத். எவ்வாறாயினும், பிள்ளைக்குத் தீங்கு நேருமெனில் தாமதிக்கலாம் என்பதில் ஐயமில்லை என்று பள்ளிவாசல் இமாம் சொல்லிவிட்டார். அரசு மருத்துவமனை மருத்துவரோ, "நகக்கண் அளவு தோலைக்கூட எவரும் தொடக்கூடாது" என்று கண்டிப்பாய்க் கூறிச் சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார்.

அந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. குறை சற்றுக் கடுமையானால் புதுக்குழாய்க்கே அத்தோல் தேவைப்படும். 1994இல் அமெரிக்க மருத்துவர் வாரன் ஸ்நாட்கிராஸ் வெளியிட்ட முறையில், இருக்கும் தசைத்தட்டையே நடுவில் கீறிக் குழாயாகச் சுருட்டுகின்றனர்; அதன்மேல் கசிவு வராமல் போர்த்துவதற்கு நுனித்தோலின் உட்படலமே உதவுகிறது. வெட்டியெறிந்த முந்தானைக்கு வேறு பட்டில் ஒட்டுப் போடுவது எப்படியிருக்கும் என்பதைக் காஞ்சிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குர்துபாவின் அஸ்ஸஹ்ராவி, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தம் 'அத்தஸ்ரீஃப்' நூலில், துளை இடம் மாறிப் பிறந்த சிறுவர்களுக்கான சிகிச்சையைப் பற்றி எழுதியுள்ளார். நம்மவர் அதை அறியாதது வியப்பே.

இவ்வறுவையைப் பொதுவாக 6 முதல் 18 மாதத்திற்குள் செய்வர். எங்கள் பிள்ளைக்கு 14ஆம் மாதத்தில் நடந்தது. சுன்னத்தும் அதே மேசையில் முடிந்தது. ஒரு வாரம் மெல்லிய குழாயுடன் கிடந்தான். பின்னர்த் தையலருகே ஊசிமுனையளவு கசிவு கண்டு, ஆறு மாதம் கழித்து மீண்டும் ஒரு சிறு அறுவை. இவ்வாறு நேர்வதுண்டு என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் வீட்டார் கலங்கவில்லை.

விரையும் இறங்காமலிருந்தால் குரோமோசோம், ஹார்மோன் சோதனைகள் அவசியம். சில குழந்தைகளுக்குத் தோல் முழுமையாக இருந்து, கத்னா செய்யும்போதே துளையின் குறை வெளிப்படும். கைதேர்ந்தவர் அங்கேயே கத்தியை நிறுத்திவிடுவார்.

இன்னொன்று இதனினும் அரிது. துளை சரியான இடத்தில் இருந்தும், சிறுநீர் தாரையாக வராமல் சொட்டுச் சொட்டாக வடியும், அடிவயிறு உப்பியிருக்கும். குழாயினுள் பிறவியிலேயே ஒரு சவ்வு வழிமறிப்பதால் நேர்வது இது. நீர் பின்னோக்கித் தேங்கிச் சிறுநீரகங்களைக் கெடுக்கும். உள்நோக்குக் கருவியால் அச்சவ்வை நீக்கிவிட முடியும். அத்தகைய குழந்தையை அன்றைக்கே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.