பூட்ஸ் கதையும் டீக்கடை விதியும்

எங்கள் பக்கத்து மைதானங்களில் கால்பந்து ஆட வரும் எந்தப் பையனும் முதல் வாரத்திலேயே ஒரு கதையைக் கேட்டுவிடுவான். 1950-இல் பிரேசிலில் நடந்த உலகக் கோப்பைக்கு இந்தியா தேர்வாகியிருந்தது. நம் ஆட்கள் வெறுங்காலில் ஆடுவார்கள் என்பதால் ஃபிஃபா சேர்த்துக்கொள்ள மறுத்துவிட்டது. கதை சொல்பவர் இந்த இடத்தில் பையனின் காலைப் பார்ப்பார். பூட்ஸ் இருந்தால் "உனக்கென்னடா குறைச்சல்?" என்பார். இல்லாவிட்டால் "அவங்களே அப்படித்தான்டா ஆடுனாங்க" என்பார். இரண்டு பக்கமும் வெட்டும் கதை.

ராஜபாளையத்தில் மில் தொழிலாளர்கள் தொடங்கிய பழைய அணி ஒன்று இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் பையன்கள் பஸ் ஏறி வந்து ஆடுகிறார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அணியின் வரலாறும் பழக்கவழக்கமும் தெரிய வேண்டும், ஒரு பக்கம் எழுதித் தாருங்கள் என்று அதன் பயிற்சியாளர் என்னைக் கேட்டார். நான் அந்த அணிக்கு ஆடியவன் அல்ல. கோட்டுக்கு வெளியே நின்று தொண்டை கிழியக் கத்தியவன். "அந்த 1950 விஷயத்தைக் கண்டிப்பா சேர்த்துருங்க சார், பயலுகளுக்கு ஒரு வெறி வரும்" என்றார். சரி, அதிலிருந்தே தொடங்குவோம் என்று தோன்றியது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் 1875-இல் தொடங்கிய பென்னிங்டன் நூலகம் இருக்கிறது. திருநெல்வேலிக் கலெக்டராக இருந்தவரின் பெயரைத் தாங்கியது. அங்கே அரிய ஏடு ஏதோ கிடைத்தது என்று சொன்னால் கட்டுரைக்கு நன்றாக இருக்கும். உண்மையில், இணையத்திலும் நண்பர்களிடமும் திரட்டியவற்றைச் சத்தமில்லாமல் உட்கார்ந்து படிக்கத்தான் போனேன். மின்விசிறிக்குக் கீழே இடம் கிடைத்தால் பெரிய பாக்கியம்.

வெறுங்கால் பொய்யில்லை. 1948 ஜூலை 31 அன்று, லண்டன் ஒலிம்பிக்கில், இல்ஃபோர்டு என்ற இடத்தில் பிரான்ஸை எதிர்த்து ஆடிய இந்தியர்களில் பெரும்பாலோர் பூட்ஸ் போடவில்லை. இரண்டு பெனால்டிகளைத் தவறவிட்டார்கள். இந்தியாவின் ஒரே கோலை சாரங்கபாணி ராமன் அடித்தார். 2-1 என்று தோற்றாலும் லண்டன்காரர்கள் கைதட்டி அனுப்பினார்கள். அடுத்து 1950. பர்மா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் மூன்றும் விலகிக்கொண்டதால் இந்தியா ஒரு தகுதி ஆட்டம்கூட ஆடாமல் உலகக் கோப்பைக்குள் போய்விட்டது. ஸ்வீடன், இத்தாலி, பராகுவே இருந்த பிரிவில் பெயரும் எழுதியாகிவிட்டது. பயணச் செலவில் பெரும்பங்கை ஏற்பதாக பிரேசில்காரர்களே சொன்னார்கள். அப்புறம் யார் தடுத்தது?

யாரும் தடுக்கவில்லை. நம் கால்பந்து சம்மேளனமே போக வேண்டாம் என்று முடிவெடுத்தது. பயிற்சிக்கு நேரம் போதாது, அணித் தேர்வில் ஒத்த கருத்து இல்லை என்று காரணம் சொன்னார்கள். அந்தக் காலத்தில் இங்கே ஒலிம்பிக்தான் பெரிது, உலகக் கோப்பையைப் பற்றி யாருக்கும் பெரிதாகத் தெரியாது என்று, அந்த அணிக்குத் தலைமை தாங்கியிருக்க வேண்டிய சைலன் மன்னாவே பின்னாளில் சொல்லியிருக்கிறார். வெறுங்காலில் ஆடியது வறுமையால் மட்டுமல்ல. பலர் அதை விரும்பியே ஆடினார்கள். 1951-இல் டெல்லியில் நடந்த ஆசியப் போட்டியில் தங்கமும் வாங்கினார்கள். மறு ஆண்டு ஹெல்சிங்கியின் குளிரில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று உதை வாங்கிய பிறகுதான் பூட்ஸ் கட்டாயமானது.

அப்படியானால் இத்தனை காலமாகப் பையன்களிடம் எதைச் சொல்லிக்கொண்டிருந்தோம்? வெளியே இருந்த ஒருவன் நம்மை உள்ளே விடவில்லை என்பதை. அதைச் சொல்வது எளிது, கேட்பதும் எளிது, வெறியும் வரும். கதவு திறந்துதான் இருந்தது, நம் ஆட்களே போகவில்லை என்றால் வெறி வராது, கேள்விதான் வரும். ஒரு விளையாட்டுக் குழு தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதைகளில், பிறர் நமக்குச் செய்தது எவ்வளவு, நாமே எடுத்த முடிவு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கத் தொடங்கியது அப்போதுதான்.

நம் நாட்டில் பழைய குழு என்றால் மோகன் பகான். 1889 ஆகஸ்ட் 15 அன்று வடகல்கத்தாவில் பூபேந்திரநாத் பாசுவின் வீட்டில் கூடித் தொடங்கினார்கள். முதல் பெயர் மோகன் பகான் ஸ்போர்ட்டிங் கிளப். ஓராண்டு நிறைவு விழாவுக்கு வந்த பிரெசிடென்சி கல்லூரிப் பேராசிரியர் ரோவ், "மீன் பிடிப்பீர்களா, துப்பாக்கி சுடுவீர்களா?" என்று விசாரித்தாராம். இல்லை என்றதும், அப்படியானால் ஸ்போர்ட்டிங் என்ற பெயர் எதற்கு என்று அத்லெடிக் கிளப் ஆக்கச் சொன்னார். வெள்ளைக்கார வாத்தியார் சொன்ன ஒரு வார்த்தை இன்று வரை பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆரம்பத்தில் மாணவர்கள்தான் நிறைய. புகை, குடி கூடாது; படிப்பில் சறுக்கினால் அணியில் இடமில்லை என்று கண்டிப்பாக இருந்தார்கள் என எழுதுகிறார்கள்.

ஆனால் பையன்களிடம் போய்ச் சேர்வது இந்த விதிகள் அல்ல. 1911 ஜூலை 29-தான். ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமெண்ட்டை ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதி ஆட்டத்தில் 2-1 என்று வென்ற நாள். முதல் கோல் வெள்ளையர்களுக்கு. சிவதாஸ் பாதுரி சமன் செய்தார். கடைசி நேரத்தில் அபிலாஷ் கோஷ் அடித்தார். பதினொரு பேரில் பாதிரியார் சுதிர் சாட்டர்ஜியின் காலில் மட்டும் பூட்ஸ். ஆட்டம் முடிந்ததும் கூட்டத்தில் ஒருவர் வில்லியம் கோட்டையில் பறந்த யூனியன் ஜாக்கைக் காட்டி, "அது எப்போது இறங்கும்?" என்று கேட்டதாகவும், இன்னொருவர் "அடுத்த முறை பகான் ஷீல்டு வாங்கும்போது" என்றதாகவும் ஒரு கதை உண்டு. அந்த டிசம்பரிலேயே தலைநகரை டெல்லிக்கு மாற்றும் அறிவிப்பு வந்ததால் அதையும் இந்த வெற்றியோடு முடிச்சுப்போடுவார்கள். கதை இனிக்கிறது, முடிச்சு நிற்காது.

கடல் கடந்தும் கொஞ்சம் தேடினேன். மான்செஸ்டர் யுனைடெட் 1878-இல் நியூட்டன் ஹீத் ரயில்வே பணிமனைத் தொழிலாளர்களின் அணியாகத் தொடங்கியது. கிளாஸ்கோவின் செல்டிக், வால்ஃப்ரிட் என்ற துறவி 1887-இல் ஏழைப் பிள்ளைகளின் சாப்பாட்டுக்குப் பணம் திரட்ட ஆரம்பித்தது. அர்செனல், ஆயுதத் தொழிற்சாலை ஆட்களுடையது. இவற்றுக்கெல்லாம் இன்று அருங்காட்சியகம், வழிகாட்டி, நுழைவுச்சீட்டு எல்லாம் உண்டு. என் மனதில் நின்றது ஸ்பெயினின் பில்பாவோ. பிச்சிச்சி என்ற செல்லப்பெயர் கொண்ட ரஃபேல் மொரேனோ 1922-இல் இருபத்தொன்பது வயதில் இறந்துபோனார். அவருடைய மார்பளவுச் சிலை மைதானத்தில் இருக்கிறது. முதன்முறை அங்கே ஆட வரும் எதிரணியின் தலைவர் அதற்குப் பூங்கொத்து வைக்க வேண்டும். சொந்தப் பையன்களுக்கு வகுப்பு எடுப்பதைவிட, எதிரியின் கையில் பூவைக் கொடுத்து வைக்கச் சொல்வது எனக்குச் சிறந்த பாடமாகப் படுகிறது. பேச்சே தேவையில்லை.

நம் அணிக்குச் சிலை இல்லை, ஷீல்டும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. 1936-இல் ராஜபாளையம் மில்ஸ் வந்த பிறகு இந்த ஊரின் நேரத்தையே மில் சங்குதான் தீர்மானித்தது. ஷிப்ட் முடிந்து பஞ்சு ஒட்டிய தலையோடு மைதானத்துக்கு வந்தவர்களில் ஒருவர் இன்னும் இருக்கிறார். எண்பதைத் தாண்டியவர். வீட்டுத் திண்ணையில் வெற்றிலைச் செல்லத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"புதுசா வர்ற பயலுகளுக்கு அப்ப என்ன வரலாறு சொல்வீங்க அண்ணாச்சி?"

"வரலாறா? அதெல்லாம் யாரு தம்பி சொன்னா? வர்ற பய மொதல்ல சுண்ணாம்பு கரைக்கணும். கோடு போடணும். ஆட்டம் முடிஞ்சா வலைய அவுத்து மடிச்சு வைக்கணும். அதுக்கப்புறந்தான் பந்து."

"அவ்வளவுதானா?"

"கோணலாப் போட்டான்னு வைங்க, அன்னிக்குப் பூரா பந்து வெளிய போச்சா இல்லையான்னு சண்டை. எல்லாரும் அவனத்தான் ஏசுவாங்க. மறுநாளு கயித்தப் பிடிச்சுக்கிட்டு நேராப் போடுவான்."

பந்து எப்படி வாங்கினார்கள் என்று கேட்டேன். சம்பளத்தன்று ஆளுக்கு இவ்வளவு என்று பிடித்துக்கொள்வார்கள். தோல் பந்து, உள்ளே பிளாடர், வாயை வாரால் கட்ட வேண்டும். மழையில் நனைந்தால் கருங்கல்லாகிவிடும். தலையால் முட்டுகிறவன் வார் கட்டிய பக்கம் நெற்றியில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிளாடர் ஓட்டையானால் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டினார்கள். ராத்திரி ஷிப்ட்காரருக்குப் பகல் ஆட்டம் விழுந்தால், வேறொருவர் ஷிப்ட் மாற்றிக்கொடுப்பார். மாற்றிக்கொடுத்தவர் ஆட்டத்தைப் பார்க்க முடியாது. ஆனால் அணிப் பட்டியலில் பன்னிரண்டாவது பெயராக அவர் பெயரும் இருக்கும்.

அடுத்து அவர் சொன்னதை நான் கேட்டு வாங்கவில்லை. வெற்றிலையை மென்றபடி, சாதாரணமாகத்தான் சொன்னார்.

"மேட்ச் முடிஞ்சா டீ குடிக்கப் போவோம். அப்பல்லாம் சில கடைல ரெண்டு தினுசா கிளாஸ் வச்சிருப்பான், தெரியும்ல? நம்ம டீம்ல எல்லாத் தெருப் பயலும் இருந்தான். ஒரு நாளு கோல்கீப்பர் வெளியவே நின்னுட்டான். என்னடான்னு கேட்டா, பேச மாட்டேங்கான். அன்னிக்குப் பேசி வச்சது. ஒருத்தன் உக்காந்து குடிக்க முடியாத கடைக்கு டீமே போகாது. தண்ணி தாகமெடுத்தாலும் போகாது."

"யார் அண்ணாச்சி அப்படி முடிவு பண்ணது?"

"யாரு பண்ணா என்ன? எல்லாரும் சரின்னாங்க. ரெண்டு பேரு மட்டும் வீட்டுக்குப் பயந்துக்கிட்டு டீமை விட்டே நின்னுட்டாங்க. நல்ல ஆட்டக்காரங்கதான். போனா போகட்டும்னு விட்டோம்."

இந்தச் சீமையில் அது எவ்வளவு பெரிய காரியம் என்பது இங்கே வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். தொண்ணூறுகளில் தென்மாவட்டங்களில் சாதிக் கலவரம் மூண்டபோது பஸ்கூட ஓடாத நாட்கள் இருந்தன. அந்த மண்ணில், பந்துக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு குழு, நல்ல இரண்டு ஆட்டக்காரர்களை இழந்தாலும் பரவாயில்லை என்று ஒரு விதி செய்திருக்கிறது. எந்த நோட்டிலும் இது எழுதப்படவில்லை. எழுதியிருந்தால் ஒருவேளை இந்த அளவுக்குக் கடைப்பிடித்திருக்க மாட்டார்களோ என்னவோ.

நான் எழுதிக் கொடுத்த பக்கத்தில் 1950 இருந்தது, முழுக்கதையாக. சுண்ணாம்பும் பன்னிரண்டாவது பெயரும் இருந்தன. சேது எஃப்.சி. பற்றி இரண்டு வரி இருந்தது. காரியாபட்டி பக்கம் இருக்கும் சேது பொறியியல் கல்லூரியை ஒட்டி வளர்ந்த பெண்கள் அணி அது. 2019-இல் லூதியானாவில் மணிப்பூர் போலீஸை 3-1 என்று வென்று தேசிய மகளிர் லீக் கோப்பையை நம் பக்கம் கொண்டுவந்தது. மெஸ்ஸி எந்த ஆண்டில் எந்தச் சட்டை போட்டார் என்று சொல்லும் பையன்கள் இதைக் கேட்டதே இல்லை என்றார்கள். டீக்கடை விதியும் இருந்தது.

அணியின் நிர்வாகத்தில் ஒருவருக்கு அந்தப் பத்தி பிடிக்கவில்லை. "இப்ப எல்லாரும் ஒத்துமையா இருக்காங்க, பழச எதுக்குக் கிளறணும்? பூட்ஸ் கதையே போதுமே" என்றார். பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. பையன்களின் கையில் கட்டிய கயிற்றின் நிறத்தைப் பார்த்தாலே இன்றும் யார் யாரென்று தெரிந்துவிடுகிறது. ஆனால் அதனால்தான் அது இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். பயிற்சியாளர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, கயிறு விஷயத்தைத் தானே பார்த்துக்கொள்வதாகவும் பத்தி இருக்கட்டும் என்றும் சொன்னார்.

புதுப் பையன்களைப் புல்லில் உட்கார வைத்துப் பேசிய அன்று பெரியவரையும் ஆட்டோவில் அழைத்து வந்திருந்தோம். 1950-க்கு அவர்கள் அவ்வளவாக அசையவில்லை, ஒருவன் மட்டும், "சம்மேளனத்துல அப்ப யாரு சார் இருந்தா?" என்று கேட்டான். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பையன் ஒருவன் இன்னும் கூர்மை. "அப்ப எங்க ஊர்க் கோபுரம்தான் கவர்மெண்ட் முத்திரைல இருக்குன்னு சொல்றாங்களே, அதுவும் கதைதானா?" என்றான். வில்லிபுத்தூர்க் கோபுரம் என்பதுதான் நெடுங்காலமாகச் சொல்லப்படுவது, முத்திரையை வரைந்த ஓவியர் கிருஷ்ணாராவ் மதுரை மீனாட்சி கோயிலின் மேலக்கோபுரம் என்று சொன்னதாகவும் பதிவு உண்டு, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார் என்றேன். அவனுக்கு அந்தப் பதில் துளியும் பிடிக்கவில்லை.

டீக்கடை விதியை நான் படித்து முடித்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல், பெரியவரைப் பார்த்து:

"தாத்தா, அது எந்தக் கடை?"

"அத எதுக்குடா ஒனக்கு? அவன் பேரன் நல்லவன். இப்ப அங்க செல்போன் ரிப்பேர் பாக்கான்" என்றார் அவர். "போயி மொதல்ல சுண்ணாம்பக் கரைங்கடா."