கருவி மட்டும் படித்துத் தராது



இங்கிலாந்தில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு அரசு தனியாக ஓர் உதவித்தொகை தருகிறது. பெற்றோரின் வருமானத்தைப் பார்ப்பதில்லை, திருப்பிக் கட்டவும் வேண்டாம். 2025-26 கல்வியாண்டுக்கு அதன் உச்சவரம்பு 27,783 பவுண்டு. பார்வையற்றவருக்குத் திரையில் உள்ளதை வாசிக்கும் ஜாஸ், தட்டச்சு செய்ய முடியாதவருக்குப் பேச்சை எழுத்தாக்கும் டிராகன், இவற்றைப் பழக்கிவிட ஒரு பயிற்சியாளர் என எல்லாம் இதில் அடங்கும். தமிழ்நாட்டில் இருந்து பார்த்தால் பெருமூச்சு வரும். ஆனால் பாராலிம்பிக் நீச்சலில் தங்கம் வென்றவரும் பார்வையற்றவருமான பிரபுக்கள் சபை உறுப்பினர் கிறிஸ் ஹோம்ஸ் 2022-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, மாற்றுத்திறனாளிகள் என்று பதிவான மாணவர்களில் 29 விழுக்காட்டினருக்கே இந்தத் தொகை போய்ச் சேர்ந்திருந்தது. காரணம் காகிதங்கள்தான். சான்று வேண்டும், தேவை மதிப்பீடு வேண்டும். டிஸ்லெக்சியா என்றால் பரிசோதனைச் செலவு மாணவர் தலையில். 2015 முதல் மடிக்கணினிக்கு முதல் 200 பவுண்டையும் அவரே போட வேண்டும்.

காகித வேலையைக் குறைத்தால் போதும் என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அது பாதித் தீர்வாகவே படுகிறது. மைக்கேல் கரன், ஜேமி தே என்ற பார்வையற்ற ஆஸ்திரேலியர் இருவர் உருவாக்கிய என்விடிஏ என்ற திரைவாசிப்பான் 2006 முதல் இலவசமாகவே கிடைக்கிறது; தமிழையும் வாசிக்கும். ஆகவே கருவி கிடைக்காதது மட்டும் சிக்கல் இல்லை. பேராசிரியர் ஒருவர் பழைய நூலின் பக்கங்களை ஸ்கேன் செய்து அப்படியே ஏற்றிவிட்டால் அது எழுத்தல்ல, படம். எவ்வளவு விலையுயர்ந்த திரைவாசிப்பானும் அதன்முன் ஊமைதான். எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருளில் போட்டால் இரட்டைப் பத்தி குழம்பும், அடிக்குறிப்பு நடு வாக்கியத்தில் வந்து விழும், கணிதச் சமன்பாடு சிதைந்துபோகும். வசன வரி இல்லாத விரிவுரைக் காணொளி காது கேளாதவருக்கு இதே கதை. மாற்றுத்திறனாளி மாணவர் வந்து கேட்கும்வரை காத்திராமல் முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது 2010-ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் பல்கலைக்கழகங்களுக்கு விதித்த கடமை. நடைமுறையில் ஒவ்வொரு பாடத்துக்கும் மாணவர்தான் போய்க் கேட்டு நிற்கிறார்.

கைபேசியிலேயே எல்லாம் வந்துவிட்டது, இனி எதற்கு உதவித்தொகை என்பது ஒரு வாதம். சாதாரண எழுத்துப்பிழை, இலக்கணத் திருத்த மென்பொருளுக்குப் பணம் தருவதை 2025 பிப்ரவரியில் அரசு நிறுத்தியதற்கும் இதுவே நியாயமாகச் சொல்லப்பட்டது. கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. ஆனால் இலவச மென்பொருளோடு பயிற்சியாளர் வருவதில்லை. பயிற்சி இல்லாத கருவி மூலையில்தான் கிடக்கும். இத்தகைய கருவிகளைத் தருவது மற்ற மாணவர்களுக்கு அநீதி என்பது இன்னொரு வாதம். கேள்வித்தாளை வாசித்துக் காட்டும் மென்பொருள் விடையைச் சொல்லித் தருவதில்லையே! ஆசிரியர்களுக்கு வேலைப்பளு என்பதைத்தான் நான் மதிக்கிறேன். இருபது ஆண்டுப் பாடக்குறிப்புகளை ஒருவரே திருத்த முடியாது. நூலகத்தில் அதற்கென ஆள் போட வேண்டும். தலைப்புகளை முறையாகக் குறித்துப் புதிய கோப்பை உருவாக்குவதோ சில நிமிட வேலை. அதைச் செய்யாமல் விட்டால் அந்த உழைப்பு மறைந்துவிடுவதில்லை, பார்வையற்ற மாணவர் ஒவ்வொருவரும் இரவில் உட்கார்ந்து தனித்தனியாகச் செய்கிறார்.

தமிழ்நாட்டிலிருந்து மாணவர் விசாவில் இங்கிலாந்துக்கு வருகிறவர்களுக்கு இந்த உதவித்தொகை கிடையாது. ஆனால் சமத்துவச் சட்டத்தின் பாதுகாப்பு அவர்களுக்கும் உண்டு. எனவே, விண்ணப்பிக்கும் முன்பே பல்கலைக்கழகத்தின் மாற்றுத்திறனாளி உதவிப் பிரிவுக்கு எழுதுங்கள். என்ன மென்பொருள் தருவீர்கள் என்பதோடு நிறுத்தாமல், என் பாடத்துக்கான வாசிப்புப் பட்டியலில் எத்தனை கோப்புகளைத் திரைவாசிப்பான் வாசிக்கும் என்றும் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிய பிறகு கட்டணம் கட்டுங்கள்.