முதலில் தோற்பவர்கள்

சண்டை கேம் போட்டி நடத்துகிறவர்களுக்கு ஒரு கணக்கு மனப்பாடம். ஒருமுறை தோற்றால் லூசர்ஸ் பக்கம், மறுபடி தோற்றால் வெளியே. இதற்கு டபுள் எலிமினேஷன் என்று பெயர். 32 பேர் பெயர் கொடுத்தால் முதல் சுற்றில் 16 பேர் தோற்பார்கள். அந்த 16 பேர் தங்களுக்குள் மோதும்போது 8 பேர் இரண்டாம் முறையும் தோற்று வெளியேறுவார்கள். யார் எவ்வளவு நன்றாக ஆடினாலும் அந்த எட்டு மாறாது. வந்தவர்களில் கால்வாசிப் பேர் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காமல் வீட்டுக்குப் போயே ஆகவேண்டும்.

சென்னையில் பல வருடங்களாக ஞாயிற்றுக்கிழமைகளில் டெக்கன் என்ற சண்டை கேமின் ஆட்டக்காரர்களைக் கூட்டிவைக்கும் வேலையைச் செய்துவருகிறேன். இதில் நான் கற்றதில் பெரும்பகுதி அந்தக் கால்வாசிப் பேரைப் பற்றியது. ஜெயிக்கிறவன் அடுத்த வாரமும் வருவான், அவனை யாரும் அழைக்க வேண்டியதில்லை. அம்பத்தூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, என்ட்ரி ஃபீஸ் கட்டி, வந்த வேகத்தில் தோற்று, மூலையில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறானே ஒரு பையன், அவன் மறுபடி வருவானா என்பதில்தான் ஒரு குழுவின் ஆயுள் இருக்கிறது.

எங்கள் வயதுக்காரர்களுக்கு டெக்கன் வீடியோகேம் பார்லர்கள் வழியாக வந்தது. 1998-ல் பிளேஸ்டேஷனில் டெக்கன் 3 வெளியான பிறகு, தெருமுனைக் கடைகளில் ஒரு டிவி, இரண்டு பேட், மணிக்கு இவ்வளவு என்று காசு. எட்டி என்ற பாத்திரத்தை எடுத்து இரண்டு கால் பட்டன்களையும் மாறி மாறித் தட்டினால் விஷயம் தெரிந்தவனும் திணறுவான். 'எட்டி எடுக்கக் கூடாது' என்ற சண்டை எங்கள் பக்கத்துக் கடைகளில் தினமும் நடக்கும். ஆனால் அங்கே ஒரு நல்ல வழக்கம் இருந்தது. தோற்றவன் கிளம்பமாட்டான். ஜெயித்தவனின் முதுகுக்குப் பின்னால் நின்று பார்ப்பான், தன் முறை வரும்வரை.

நியூயார்க்கின் மாட் தெருவில் இருந்த சைனாடவுன் ஃபேர் என்ற ஆர்கேடும் இப்படித்தான் ஆட்களை உருவாக்கியது. உலகப் புகழ்பெற்ற ஜஸ்டின் வாங் அங்கே ஆடி வளர்ந்தவர். காசு போட்டு வரிசையில் நின்றால் யாரும் அவரோடு மோதலாம். 2011-ல் அந்தக் கடை மூடியபோது, அங்கே ஆடிக்கொண்டிருந்தவர்கள் புரூக்ளினில் நெக்ஸ்ட் லெவல் என்ற இடத்தில் மறுபடி கூடினார்கள். இயந்திரங்கள் போன பிறகும் பின்னால் நின்று பார்க்கும் பழக்கம் போகவில்லை.

இந்தத் திறந்த வாசல் வேறு எந்த இ-ஸ்போர்ட்ஸிலும் இந்த அளவுக்கு இல்லை என்பது என் எண்ணம். 1996-ல் கலிபோர்னியாவின் சன்னிவேல் ஆர்கேடில் சுமார் 40 பேரோடு தொடங்கிய போட்டிதான் பிறகு சண்டை கேம்களின் மிகப் பெரிய போட்டியான ஈவோ ஆனது. 2023-ல் லாஸ் வேகாஸில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-க்கு மட்டும் 7,000 பேருக்கு மேல் பெயர் கொடுத்தார்கள். அத்தனை பேரும் ஒரே பிராக்கெட், அதாவது ஒரே மோதல் அட்டவணை. முதல்முறை வரும் கல்லூரி மாணவனின் எதிரில் முன்னாள் சாம்பியன் வந்து உட்காரலாம். அந்த மாணவன் தோற்பான். தோற்ற பிறகு அவனுக்கு என்ன நடக்கிறது?

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நான் முதன்முதலில் போன கூடுகையில் இரண்டு ஆட்டமும் தோற்றேன். எதிராளி காஸுயா என்ற பாத்திரத்தை வைத்துக்கொண்டு, சுழன்று வந்து காலை வாரும் ஹெல்ஸ்வீப்பை மறுபடி மறுபடி போட்டான். நான் நின்றுகொண்டே தடுத்தேன், ஒவ்வொரு முறையும் விழுந்தேன். பையை மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடும்போது அங்கே இருந்ததிலேயே பெரிய ஆட்டக்காரன் என் தோளைப் பிடித்தான்.

"எங்கடா கிளம்பிட்ட? உட்காரு. அந்தக் கீழ் அடியை எதுக்கு நின்னுக்கிட்டே வாங்குற?"

பிராக்டிஸ் மோடைத் திறந்து காஸுயாவின் அந்த அடியைப் பதிவுசெய்தான். கூடவே நடு உயரத்தில் வரும் இன்னொரு அடியையும். இரண்டும் மாறி மாறி, எது எப்போது என்று தெரியாமல் வரும். குனிந்தே இருந்தால் நடு அடி முகத்தில் விழும், நின்றே இருந்தால் கால் போகும். "தோளைப் பாரு. அவன் திரும்புற திசையைப் பாரு." எத்தனை முறை விழுந்தேன் என்று எண்ணவில்லை. கடைசியில் ஒன்றைக் குனிந்து தடுத்தேன். "இப்ப அடி!" என்று அவன் கத்தினான். ஹெல்ஸ்வீப்பைத் தடுத்துவிட்டால் காஸுயா சில கணங்கள் அசையமுடியாமல் திறந்து கிடப்பான், எழும்போதே ஓங்கி அடித்து அவனை ஆகாயத்தில் தூக்கலாம். தூக்கினேன். பின்னால் நின்றிருந்த முன்பின் தெரியாத மூன்று பேர் கைதட்டினார்கள். அடுத்த வாரம் நான் அங்கே போனதற்கு அந்தக் கைதட்டல்தான் காரணம்.

பிறகு பொறுப்பு என் கைக்கு வந்தபோது இதையே வழக்கமாக்கினேன். இரண்டு ஆட்டமும் தோற்றவர் செருப்புப் போடும் முன்னால் யாராவது ஒருவர் போய்ப் பேசவேண்டும். போட்டிக்கு எத்தனை நெருக்கடி இருந்தாலும் ஒரு டிவியையும் பிளேஸ்டேஷனையும் சும்மா ஆடுகிறவர்களுக்கென்று ஒதுக்கிவைக்க வேண்டும். சீக்கிரம் வெளியேறியவர்களுக்குத் தனியாக ஒரு சின்ன பிராக்கெட். இதற்காகப் போட்டி ஒரு மணி நேரம் நீண்டாலும் பரவாயில்லை. வேகமாக முடித்துவிட்டு எல்லாரையும் அனுப்புவதைத் திறமை என்று நினைக்கிற நடத்துநர்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை.

சின்ன விஷயங்களிலும் குழு உடையும். வயர்லெஸ் பேடை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவன் ஆடி முடித்துத் தன் பேடோடு எழுந்து போகிறான், அது அந்த பிளேஸ்டேஷனோடு இன்னும் இணைந்தே இருக்கிறது. பத்து நிமிடம் கழித்து அவன் கை தெரியாமல் நடு பட்டனில் படுகிறது. அறையின் மறுகோடியில் கடைசி ரவுண்டில் இருக்கும் இரண்டு பேரின் ஆட்டம் நின்றுபோகிறது. ஆட்டக்காரனே ஆட்டத்தை நிறுத்தினால் ரவுண்டு போச்சு என்பது விதி. வெளியாள் செய்தால்? கத்தல், பழைய பகை, போன மாதத்துக் கணக்கெல்லாம் எழும். நாற்காலியை விட்டு எழும் முன் பேடின் இணைப்பைத் துண்டிக்கிறார்களா என்று பார்ப்பதற்கே ஓர் ஆளைப் போட்டோம். சச்சரவு பாதியாகக் குறைந்தது.

பெரிய பிளவு 2024 ஜனவரியில் வந்தது. டெக்கன் 8 வெளியானது. பிஎஸ்4-ல் அது கிடையாது. பிஎஸ்5 அல்லது புது எக்ஸ்பாக்ஸ் வேண்டும், இல்லையென்றால் நல்ல கம்ப்யூட்டர் வேண்டும். பிஎஸ்5 விலை அப்போது ஐம்பதாயிரத்தைத் தொட்ட ஊரில், எங்கள் பையன்களில் பாதிப் பேர் ஒரே நாளில் வெளியாட்களாகிவிட்டார்கள். 'பழைய டெக்கனை இன்றோடு நிறுத்திவிடலாம், உலகமே எட்டுக்குப் போய்விட்டது' என்று சிலர் அவசரப்பட்டார்கள். நான் மறுத்தேன். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தோம். பிஎஸ்5 இருக்கிறவர்கள் வாரநாட்களில் வீட்டைத் திறந்துவிட்டார்கள். வேலைக்குப் போகும் ஒருவர், மூன்று தம்பிகள் தினம் ராத்திரி ஒன்பது மணிவரை தன் ஹாலில் ஆட இடம் கொடுத்தார், அவருடைய அம்மா தோசையும் போட்டுக் கொடுத்தார். யாரையும் விட்டுவிட்டுப் போகாமல் எட்டுக்கு மாற எங்களுக்கு ஆறேழு மாதம் ஆனது. அந்தத் தாமதத்துக்காக நான் வருந்தியதே இல்லை.

பழைய ஆட்டத்தை விடாதவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று ஒதுக்கக் கூடாது என்பதற்கு ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலீ நல்ல சாட்சி. 2001-ல் வந்த கேம். 2013-ல் ஈவோ ஒரு கேமுக்கு இடம் காலியாக வைத்து, மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு அதிகம் நிதி திரட்டுகிறவர்களுக்கு அந்த இடம் என்று அறிவித்தது. பன்னிரண்டு வயதான கேமை ஆடியவர்கள் 94 ஆயிரம் டாலருக்கு மேல் திரட்டி மேடை ஏறினார்கள். காசு கொடுத்தவர்களில் மிகப் பலர் எந்தக் கோப்பையையும் தொடப்போகாதவர்கள்.

இனி எழுதுவதற்குக் கடினமான பகுதி. எனக்குக் குனிந்து தடுக்கக் கற்றுக்கொடுத்தவனை நான் குழுவிலிருந்து அனுப்பவேண்டி வந்தது.

எங்களிடம் ஆட வந்த ஒரு கல்லூரி மாணவி அவனை ஒரு செட்டில் ஜெயித்துவிட்டார். அன்று எல்லார் முன்னாலும் அவர் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னான். பிறகு ராத்திரியில் மெசேஜ்கள். அவற்றை அவர் எனக்குக் காட்டினார். அவனிடம் கேட்டபோது, "பசங்க இருக்கிற இடத்துல இதெல்லாம் சகஜம் மச்சி, நீயா பெருசாக்காதே" என்றான். அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. என் தோளைப் பிடித்து உட்காரவைத்தவன், அறையின் சிறந்த ஆட்டக்காரன், அவன் போனால் கூடப் போக ஒரு கூட்டமே இருக்கிறது. ஒரு மாதம் வராதே என்று சொல்லி மழுப்பிவிடலாமா என்று மனது கணக்குப் போட்டதை மறைக்க விரும்பவில்லை. விடிந்ததும் நிரந்தரமாக வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பதினைந்து பேர் அவனோடு போனார்கள். பல வாரங்கள் அறை வெறிச்சென்று இருந்தது, வாடகைக்குக் கைக்காசு போட்டோம். அந்த மாணவியும் திரும்பி வரவில்லை. அவருக்கு அந்த இடமே கசந்துவிட்டது, அதற்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. போனவர்களில் சிலர் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். இப்போது பெண்கள் நான்கைந்து பேர் தொடர்ந்து வருகிறார்கள். அவனை நினைக்கும்போது இன்னும் நெஞ்சு வலிக்கிறது. அந்த முடிவை மறுபடி எடுக்கச் சொன்னாலும் எடுப்பேன்.

2020-ல் ஈவோவுக்கே இப்படி ஒரு நெருக்கடி நேர்ந்தது. தலைமையில் இருந்தவர் மீது பாலியல் முறைகேட்டுக் குற்றச்சாட்டு எழுந்ததும் கேப்காம் போன்ற கேம் நிறுவனங்கள் விலகின, அந்த ஆண்டின் ஆன்லைன் போட்டி ரத்தானது. கூட்டம் பெருகவேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சிலரைப் பொறுத்துக்கொள்கிற இடங்களில், பெருக வேண்டியவர்கள் சத்தம் போடாமல் வெளியேறிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் இருக்காது.

வளர்ச்சி என்றால் நான் பாகிஸ்தானின் லாகூரைத்தான் நினைப்பேன். 2019-ல் அந்த ஊர் ஆட்டக்காரர் அர்ஸ்லான் ஆஷ் விசாவுக்கும் விமானத்துக்கும் அல்லாடி ஜப்பான் போய் ஈவோ ஜப்பானின் டெக்கன் 7 பட்டத்தை வென்றார். ஜெயித்த கையோடு, என் நாட்டில் என்னைப் போல இன்னும் பலர் இருக்கிறார்கள் என்று சொன்னார். Knee என்ற பெயரில் ஆடும் கொரிய ஜாம்பவான் அதைச் சோதிக்கப் பாகிஸ்தானுக்கே போய், பெயர் தெரியாத ஆட்டக்காரர்களிடம் தோற்றார். அதே ஆண்டு லாஸ் வேகாஸ் ஈவோவின் இறுதிப்போட்டியில் அர்ஸ்லானும் அவரும் மோதினார்கள், அர்ஸ்லான் வென்றார். வெளிநாடு போக வழியில்லாதவர்கள் ஒருவரையொருவர் அடித்து அடித்தே அந்த உயரத்துக்கு வந்திருந்தார்கள். தெரிந்ததை மூடிவைத்துக்கொள்கிறவர்கள் நிறைந்த அறையில் இது நடக்காது. எங்கள் அறையில் ஒருவர் புதிய வித்தை ஒன்றில் ஜெயித்தால், அதை முறிப்பது எப்படி என்று அன்றே அவர் எல்லாருக்கும் காட்டவேண்டும். அடுத்த வாரம் அவர் இன்னொன்றைத் தேடியாகவேண்டும், அதனால் அவரும் வளர்கிறார்.

எனக்குப் பொறாமை இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். நான் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தவர்கள் மும்பைக்கும் டெல்லிக்கும் ஆடப் போனார்கள். நான் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். போட்டி நடத்துகிறவனுக்குப் பயிற்சி செய்ய நேரம் கிடையாது. கை வேகம் குறைவது ஒவ்வொரு மாதமும் தெரியும். அந்தப் பொறாமை எந்த நாளில் போனது என்று சொல்லத் தெரியவில்லை. நான் கற்றுக்கொடுத்த ஒரு தம்பி, தோற்றுக் கிளம்பிய இன்னொரு பையனிடம் "எங்க போற, உட்காரு" என்று சொன்னது காதில் விழுந்த காலத்தில் அது அனேகமாகப் போய்விட்டிருந்தது.

இப்போது பிராக்கெட் போடும் பொறுப்பை இளையவர்கள் மூன்று பேரிடம் கொடுத்திருக்கிறேன். இருட்டும் முன் வீடு திரும்ப வேண்டியவர்களுக்காகக் காலை பத்து மணிக்கே தொடங்குகிறார்கள். பரிசுப் பணத்தில் ஒரு பங்கை எடுத்து, சொந்தப் பேட் இல்லாதவர்களுக்காக இரண்டு பொதுப் பேட் வாங்கினார்கள். முதல் பரிசு குறைந்ததில் மேல்தட்டு ஆட்டக்காரர்களுக்கு மனத்தாங்கல். அவர்களோடு அந்த மூவரே பேசிச் சமாளித்தார்கள். அடுத்து, பொங்கல் விடுமுறையை ஒட்டி மதுரை, கோவை ஆட்டக்காரர்களை அழைக்கத் திட்டம். வருகிறவர்கள் பெரும்பாலும் மாணவர்கள், லாட்ஜுக்குக் காசு இருக்காது. வீட்டுக்கு இரண்டு பேர் என்று பிரித்துப் பட்டியல் போடுகிறார்கள். என் வீட்டுக்கு மூன்று பேரை எழுதிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.