கழுத்தில் தொங்கும் பெயர்

பூவிருந்தவல்லியைக் கடந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே செல்வோர், செம்பரம்பாக்கத்தில் காலை ஏழு மணிக்குச் சற்றே நின்று நோக்கினால், சாலையோரத்தில் ஓர் அணிவகுப்பைக் காண்பர். தண்டலத்துக்கும் நசரத்பேட்டைக்கும் செல்லக் கல்லூரிப் பேருந்தை எதிர்பார்த்து நிற்கும் மாணவர்கள். இருங்காட்டுக்கோட்டைக்கும் ஒரகடத்துக்கும் செல்ல ஆலைப் பேருந்தை எதிர்பார்த்து நிற்கும் தொழிலாளர்கள். வயதில் வேறுபாடில்லை; உடையில்கூடப் பெரிய வேறுபாடில்லை. எல்லோர் கழுத்திலும் ஓர் அடையாள அட்டை. அதைப் படித்துப் பார்த்தால்தான், இவர் படிப்பவர், இவர் உழைப்பவர் என்பது விளங்கும்.

"மாட்டுக்குப் பட்டை கட்டுவதுபோல மனிதனுக்குக் கட்டிவிட்டார்களே!" என்று நண்பர் சிலர் கேலி பேசுவதுண்டு. நாம் அதற்கு உடன்படுவதில்லை. இதே மார்பில் முன்பு தொங்கியது எது? இன்ன குலத்தில் பிறந்தவர் என்று பறைசாற்றிய நூல் அன்றோ? அதை அணியும் உரிமை ஒரு சிலர்க்கு. அணிந்தவரைக் கண்டு ஒதுங்கி நிற்கும் கடமை மற்றவர்க்கு! இன்று தொங்கும் அட்டையோ, இவர் என்ன படிக்கிறார், எங்கே படிக்கிறார் என்று மட்டுமே சொல்கிறது. இவருடைய பாட்டனார் எவர் வீட்டுத் திண்ணைக்கு வெளியே நின்றார் என்று அது கேட்பதில்லை.

அட்டையிலுள்ள பெயரைப் பாருங்கள். ஒரு முன்னெழுத்து, ஒரு பெயர், அவ்வளவே. வடபுலத்து அட்டைகளில் பெயருக்கு வாலாகச் சாதி வந்து ஒட்டிக்கொள்வது இன்றும் இயல்பு. தமிழ்நாட்டு அட்டைகளில் பெரும்பாலும் அது இல்லை. இது தானாக நேர்ந்துவிடவில்லை. பெரியார் 1927-இல் தம் பெயரிலிருந்து 'நாயக்கர்' என்ற பட்டத்தை நீக்கினார். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, சாதிப் பட்டங்களைக் களைந்தெறியத் தீர்மானித்தது. அந்நாளில் செம்பரம்பாக்கமும் செங்கற்பட்டு மாவட்டத்து ஊரே. அன்று மேடையிலே பட்டம் துறந்தவர்களின் பேரப் பிள்ளைகளும் அவர்களுடைய பிள்ளைகளும், தாம் எதைப் பெற்றோம் என்று அறியாமலேயே அதைக் கழுத்தில் அணிந்து திரிகிறார்கள். அறியாமல் இருப்பதே ஒரு வெற்றிதான் என்று நாம் எண்ணுவதுண்டு.

கழுத்து திருந்திற்று; கை திருந்திற்றா? சிவப்பும் மஞ்சளும் பச்சையும் காவியுமாக மாணவர்கள் மணிக்கட்டில் கட்டும் கயிறுகள் சாதியைக் காட்டுகின்றன, அவற்றைத் தடுக்க வேண்டும் என்று 2019-இல் பள்ளிக் கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை விடுத்தது. எதிர்ப்பு எழுந்ததும் அது அடங்கிப் போயிற்று. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், ஆதிதிராவிட மாணவன் ஒருவனும் அவனுடைய தங்கையும் தம் வீட்டிலேயே வெட்டப்பட்டனர். வெட்டியவர்கள் உடன் பயின்ற சிறுவர்கள்! அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் வண்ணக் கயிறுகளைத் தடை செய்யச் சொல்லிற்று. அட்டையிலிருந்து விரட்டப்பட்ட சாதி, ஒரு முழம் நகர்ந்து மணிக்கட்டில் குடியேறியிருக்கிறது.

இனி, நிறத்தின் கதைக்கே வருவோம். நம் கல்விக்கூடங்கள் பலவற்றில் அட்டையைத் தாங்கும் பட்டைக்கும் நிறம் உண்டு. ஆசிரியருக்கு ஒன்று, மாணவருக்கு ஒன்று, அலுவலருக்கு ஒன்று. வாயிற்காவலர் தொலைவிலிருந்தே அறிந்துகொள்ள வேண்டுமாம். போகட்டும். ஆனால், எந்த நிறத்திலும் சேராதவர்கள் சிலர் இருக்கிறார்களே, அவர்களைப் பற்றித்தான் நம் கவலை.

இந்நெடுஞ்சாலையிலுள்ள கல்லூரி ஒன்றில் துப்புரவுப் பணி செய்யும் அம்மையார் ஒருவரை நாம் அறிவோம். ஐம்பதைக் கடந்தவர். அவர் கழுத்திலும் அட்டை உண்டு. "அதில் என்னம்மா எழுதியிருக்கிறது?" என்று கேட்டோம்.

"எனக்கு எழுத்து தெரியாது ஐயா. படம் என்னுதுதான், பாருங்க," என்றார் சிரித்தபடி.

வாங்கிப் படித்தோம். ஆங்கிலத்தில் அவர் பெயர், பிழையோடு, ஓர் எண், ஆள் அனுப்பும் ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் பெயர். கல்லூரியின் பெயரைத் தேடினோம், இல்லை. பதினோர் ஆண்டுகளாக அவர் கூட்டிப் பெருக்குவது அக்கல்லூரியின் வகுப்பறைகளை! இடையிலே ஒப்பந்தக்காரர் மூவர் மாறினர். அட்டையும் மூன்று முறை மாறிற்று. துடைப்பம் மட்டும் மாறவில்லை. நேற்றுச் சேர்ந்த முதலாண்டு மாணவன், "இது எங்கள் கல்லூரி" என்று அட்டையைக் காட்டிப் பேசலாம். அம்மையார் காட்ட முடியாது.

சட்டம் என்ன சொல்லிற்று? 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட விதிகள், தொழிலாளருக்கு வேலை அட்டை தரும் பொறுப்பை ஒப்பந்தக்காரரிடமே விட்டன. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், தொழிலாளர் அனைவருக்கும் பணியமர்த்தல் ஆணை வழங்க வேண்டும் என்கின்றன, நல்லதே. ஆயினும் கல்லூரி தன் பெயரைப் பொறித்து ஓர் அட்டை தருவதை எந்தச் சட்டம் தடுத்தது?

அட்டைகளின் வரலாற்றை நம்மவர் மறந்துவிடலாகாது. தென்னாப்பிரிக்க டிரான்ஸ்வாலில், ஆசியர்கள் மட்டும் பதிவுச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்றபோது, 1908 ஆகஸ்டில் ஜோகானஸ்பர்க்கில் இந்தியர்கள் அச்சீட்டுகளைக் குவித்துக் கொளுத்தினர். அப்போராட்டத்தில் தமிழர் பங்கு பெரிது. அதே நாட்டில் கறுப்பின மக்கள்மீது சுமத்தப்பட்ட அனுமதிச் சீட்டை எதிர்த்து 1960-இல் ஷார்ப்வில்லில் கூடியோரில் 69 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்கள் வெறுத்தது காகிதத்தை அன்று. தமக்கு மட்டும் அது வேறாக இருந்ததையே.

'பாதுகாப்புக்காகத்தான் இந்த வேறுபாடு' என்பர். சென்னையில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் 2024 டிசம்பர் 23 அன்று மாணவி ஒருவருக்கு நேர்ந்த கொடுமைக்குப் பின், அட்டையில்லாதவர் நுழையலாகாது என்ற குரல் ஓங்கிற்று. ஓங்கட்டும், பெண்கள் அச்சமின்றிப் படிக்க வேண்டும். ஆனால் அவ்வழக்கிலேயே, காக்கப்பட வேண்டிய மாணவியின் அடையாளம் முதல் தகவல் அறிக்கை வழியே வெளியே கசிந்தது. உயர்நீதிமன்றம் இடைக்கால இழப்பீடாக 25 இலட்சம் ரூபாய் வழங்கச் சொல்ல நேர்ந்தது. வாயிலில் அட்டையைக் கேட்பவர்கள், அட்டைக்குரியவரின் மானத்தையும் காக்கக் கற்க வேண்டும். மேலும், வளாகத்தின் மூலை முடுக்கெல்லாம் அறிந்தவர், இருளான இடம் எது என்று சொல்லத்தக்கவர், நாம் கண்ட அம்மையார் போன்றவரே. அவரை அயலார் பட்டியலில் வைத்துவிட்டா பாதுகாப்புத் தேடுவது?

2021 மே மாதத்தில், சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லை என்று ஆணை பிறந்தபோது, எந்த அட்டையும் கேட்கப்படவில்லை. பெண் என்பதே போதும் என்றது அரசு. காலையில் பேருந்தில் அவ்வளவு மதிப்போடு வந்திறங்கும் அம்மையார், கல்லூரி வாயிலில் பையைத் திறந்து காட்டிவிட்டு உள்ளே போகிறார்.

ஆண்டுதோறும் கல்லூரிகள் திறக்கும்போது புதிய அட்டைகள் அச்சாகின்றன. துணைவேந்தர்களையும் முதல்வர்களையும் நாம் கேட்பது மிகச் சிறிது. அச்சுக்குப் போகும் அந்தப் பட்டியலில், கூட்டுபவர், சமைப்பவர், காவல் நிற்பவர், பேருந்து ஓட்டுபவர் பெயர்களையும் சேருங்கள். அதே தாள், அதே பட்டை, அதே முத்திரை. பெயரைத் தமிழிலும் எழுதுங்கள். அம்மையாருக்கு அவருடைய பேத்தி படித்துக் காட்டுவாள்.