ஆறரை மணி முள்



இங்கே இங்கிலாந்தின் லெஸ்டரில் குளிர் இறங்கிவிட்டது. சென்ற சனிக்கிழமை எங்கள் அலுவலக ஆண்டு விருந்து. பாதிச் சாப்பாட்டில் பக்கத்து நாற்காலிக்காரர் ஏதோ கேட்டார். கத்தியையும் முள்கரண்டியையும் தட்டில் வைத்துவிட்டுப் பதில் சொன்னேன். திரும்பிப் பார்த்தால் தட்டைக் காணோம்!

அதற்கு இங்கே ஒரு விதி. தட்டைக் கடிகாரமாக நினைத்துக்கொள்ளுங்கள். இன்னும் சாப்பிடுகிறேன் என்றால், எட்டு இருபதுக்கு முட்கள் நிற்பதுபோல் கத்தியும் முள்கரண்டியும் விலகிக் கிடக்க வேண்டும். முள்கரண்டியின் பற்கள் கவிழ்ந்திருக்க வேண்டும். முடித்துவிட்டேன் என்றால், இரண்டும் ஒட்டிப் படுத்து ஆறரை மணி காட்ட வேண்டும்; கத்தியின் கூர் உள்பக்கம். நான் ஒட்டி வைத்திருந்தேன், தட்டு போயிற்று. "போதுமா?" என்று முகம் பார்த்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காமல் எடுப்பதுதான் இங்கே நேர்த்தி.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். ஐரோப்பிய விருந்துகளில் முன்பெல்லாம் பதார்த்தங்களை மேஜை நிறையப் பரப்பிவிடுவார்கள். கைக்கு எட்டியதை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். அதற்குள் ஆறியும் போயிருக்கும். அது பிரெஞ்சு முறை. 1810 வாக்கில் பாரிஸில் இருந்த ரஷ்யத் தூதர் குராகின், ஒவ்வொன்றாகப் பரிமாறும் ரஷ்ய முறையை அங்கே கொண்டுவந்தார் என்பார்கள். அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் அதுவே நிலைத்தது. வகைக்கொரு கத்தி, வகைக்கொரு கரண்டி என்று தட்டின் இருபுறமும் வரிசை நீண்டது. அடுத்து வருவது கண்ணில் படாததால், அதை அட்டையில் எழுதி வைக்கவும் வேண்டியதாயிற்று.

நம் இலையைப் பாருங்கள். உட்காரும் முன்பே உப்பு, ஊறுகாய், பச்சடி, கூட்டு, பொரியல் எல்லாம் அதில் இருக்கும். அது பிரெஞ்சு முறை. சோறு விழுந்தபின் பருப்பு நெய், சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். அது ரஷ்ய முறை. இரண்டும் ஒரே இலையில்! முள்கரண்டியோ ஆங்கிலேயர்களுக்கு நேற்று வந்தது. இத்தாலியில் அதைக் கண்டு வியந்து 1611ல் புத்தகத்தில் எழுதியவர் தாமஸ் கோர்யட்.

எங்கள் ஊர்ப் பக்கம் சேலையூரில் தெருவை அடைத்துப் பந்தல் போட்ட கல்யாணங்கள் நினைவுக்கு வருகின்றன. சித்தப்பா பந்தி விசாரித்துக்கொண்டே வருவார். கையை இலைக்கு மேல் குறுக்கே நீட்டினாலும் விடமாட்டார்; "இன்னும் ஒரு கரண்டி" என்று வாளிக்காரரைக் கூப்பிடுவார். இலையை நாமே மடக்கினால் ஒழிய யாரும் தொடமாட்டார்கள். பக்கத்து இலைக்காரர் முடிக்கும்வரை எழுந்திருக்கவும் மாட்டோம்.

அந்த வரிசையில் எல்லோரும் சேர்ந்து உட்காரவே நாம் போராட வேண்டியிருந்தது. வ.வே.சு. ஐயரின் சேரன்மாதேவி குருகுலத்தில் சாதி பார்த்துத் தனிப்பந்தி வைத்ததை எதிர்த்து 1920களில் தமிழ்நாடே கொதித்தது. இப்போது ஆண்டுதோறும் ஆகஸ்ட் 15 அன்று கோயில்களில் எல்லோருக்கும் ஒரே பந்தி. அப்படி வென்றெடுத்த வரிசையை, தட்டை ஏந்திக்கொண்டு நிற்கும் வரிசையாக மாற்றிக்கொண்டிருக்கிறோமே, இது தகுமா?

தம்பி மகளுக்குத் தை மாதம் மேற்குத் தாம்பரத்தில் கல்யாணம். நேற்று போன் செய்தேன்.

"பஃபேதான்ணா. பரிமாற ஆள் கிடைக்கறதில்ல."

"பந்தி போடுடா. சாம்பார் வாளிய நான் தூக்கறேன்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அப்ப ரசத்துக்கு நான்" என்றான்.

டிக்கெட் போட்டாயிற்று.

அன்புடன்,
உங்கள் தாம்பரத்துக்காரன்